தேவையில்லாததை வாங்க வைப்பது ஆசையா, அவசரமா?

நடுவழி:

நுகர்வுப் பழக்கம் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் வந்து "போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதோடு பேச்சும் முடிந்துவிடுகிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மனிதனுக்கு ஆசை எப்போதும்தான் இருந்தது, நம் தலைமுறையில் திடீரென்று முளைத்ததில்லை. ஒரு பொருளைப் பார்த்து "அட, நன்றாக இருக்கிறதே" என்று நினைப்பதற்கும் அது நம் கைக்கு வருவதற்கும் நடுவில் முன்பு நிறைய வேலை இருந்தது. கிளம்ப வேண்டும், போக வேண்டும், கையில் பணம் இருக்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க வேண்டும், வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், தூக்கிக்கொண்டு வர வேண்டும். அந்த வேலைகளுக்கு நடுவிலேயே பாதி ஆசைகள் தானாக வடிந்துவிடும். அதற்கு யாரும் துறவியாக வேண்டியதில்லை, சோம்பலே போதுமானதாக இருந்தது.

இந்த நூறு வருட வணிக வரலாற்றை அந்தக் கண்ணோடு பார்த்தால், அந்த வேலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டதுதான் தெரிகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1919-இல் தன் கார்களைத் தவணையில் விற்பதற்கென்றே தனியாக ஒரு கடன் நிறுவனம் தொடங்கியது, பணம் சேரும்வரை காத்திருக்கும் காலம் போனது. கடன் அட்டை வந்தது, நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது வரும் அந்தச் சின்ன வலி போனது. 1999-இல் அமேசான் ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, முகவரியும் அட்டை எண்ணும் தட்டச்சு செய்யும் அந்த இரண்டு நிமிடமும் போனது. இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்கு ஒரு நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்துக்கொள்கிறது என்றால், அந்த இரண்டு நிமிடத்தில் எத்தனை பேர் மனம் மாறிப் போனார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதனால் என் கட்சி இதுதான்: நமக்கு ஆசை அதிகமாகவில்லை, யோசிக்கும் நேரம் குறைந்துவிட்டது. மறுப்பவர்கள் வாருங்கள்.

சுவரொட்டி:

"ஆசை எப்போதும் இருந்தது" என்கிற இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. நான் விளம்பரத் துறையில் பல வருடம் வாசகம் எழுதிப் பிழைத்தவன், அதனால் கொஞ்சம் உள்ளே இருந்து சொல்கிறேன். புதிதாக ஒரு பொருள் வருகிறது என்று கூட்டம் போட்டால் முதலில் பொருளைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். இதை வாங்கப்போகிறவர் எதற்குக் கூச்சப்படுகிறார், யாரைப் பார்த்து ஏங்குகிறார், எதை நினைத்து ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறார், இதிலேயே பாதி நேரம் போய்விடும். பொருளின் குணம் கடைசியில் வரும், சில நாள் வரவே வராது.

லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் மருந்தின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் கிருமிநாசினியாகத் தொடங்கிய சரக்கு அது. 1920-களில் அதை வாய் நாற்றத்துக்கு மருந்தாக விற்க முடிவு செய்தார்கள். வாய் நாற்றம் என்பது அதுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத சமாச்சாரம். அதற்கு மருத்துவப் பெயர் ஒன்றைத் தேடிப் பிடித்து, இதனால்தான் உங்களுக்கு வரன் அமையவில்லை, இதனால்தான் ஆட்கள் விலகிப்போகிறார்கள், உங்கள் நெருங்கிய சிநேகிதர்கூட இதை உங்களிடம் சொல்லமாட்டார் என்று பத்திரிகை பத்திரிகையாகப் போட்டார்கள். அந்தக் கடைசி வரிதான் விஷயம். யாரும் எதுவும் சொல்லாததே உங்களுக்கு அந்தக் குறை இருப்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. இதிலிருந்து தப்பிக்க வழியே கிடையாது. தொழில் ரீதியாகச் சொன்னால் அற்புதமான வேலை, மனுஷ ரீதியாகச் சொன்னால் அயோக்கியத்தனம்.

கம்பெனிகளுக்காக மக்கள் தொடர்பு வேலை பார்த்த எட்வர்ட் பெர்னேஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க்கில் நடந்த ஊர்வலத்தில் இளம்பெண்கள் சிலரைச் சிகரெட் பற்றவைத்தபடி நடக்க வைத்து, அவை "விடுதலையின் தீப்பந்தங்கள்" என்று பத்திரிகைகளுக்குச் சொல்ல வைத்தார். பின்னால் இருந்து பணம் கொடுத்தது அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. அது விளம்பரமாக வெளிவரவில்லை, செய்தியாக வெளிவந்தது. இன்று போனில் ஒருவர் தன் அறையைச் சுற்றிக் காட்டி "இதை நானே காசு கொடுத்து வாங்கினேன் மக்களே" என்று சொல்லும்போது நடப்பதும் அதேதான்.

ஆக, முதலில் குறை உண்டாக்குகிறார்கள், அப்புறம்தான் நீங்கள் சொல்லும் அவசரம். முதல் பாதியை விட்டுவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:

இரண்டு பேருமே விளம்பரக்காரர்களுக்கு ரொம்ப மரியாதை கொடுக்கிறீர்கள். 1957-இல் ஜேம்ஸ் விக்காரி என்று ஒரு சந்தை ஆய்வாளர், திரையரங்கில் படம் ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் "பாப்கார்ன் சாப்பிடு", "கோகோ கோலா குடி" என்று மின்ன வைத்து விற்பனையை ஏற்றிவிட்டதாக அறிவித்தார். உலகமே பயந்துபோனது, சில நாடுகளில் அந்த மாதிரி விளம்பரத்துக்குத் தடையே வந்தது. ஐந்து வருடம் கழித்து 1962-இல், தன்னிடம் இருந்த தரவு எதையும் நிரூபிக்கப் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தக் கதையை நம்பி இன்றுவரை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். விளம்பரத் துறை நன்றாக விற்ற சரக்கு எது என்றால் "எங்களால் யாரையும் எதையும் வாங்க வைக்க முடியும்" என்கிற நம்பிக்கைதான், அதை வாங்கியவர்கள் கம்பெனி முதலாளிகள்.

ஆசை காட்டினான், ஏமாந்தேன் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் போடுவது நமக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

சுவரொட்டி:

கணக்குப்பிள்ளை சார், அந்த முதலாளிகளிடம் நான் சம்பளம் வாங்கியவன், அதனால் இதை மறுக்க முடியாது :) எழுதிய விளம்பரங்களில் எது வேலை செய்தது எது செய்யவில்லை என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஒரு தனி விளம்பரம் தோற்பது வேறு, நாள் முழுக்க நூறு திசையிலிருந்து "உன்னிடம் ஏதோ குறைகிறது" என்று கேட்டுக்கொண்டே இருப்பது வேறு. நூறில் தொண்ணூற்றொன்பது பொருளை நீங்கள் வாங்காமல் போகலாம், அந்தக் குறை மட்டும் உள்ளே தங்கிவிடும்.

நடுவழி:

சுவரொட்டி அண்ணா சொன்ன முதல் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளை சொல்வதுபோல அதற்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது என்பதையும் ஏற்கிறேன். அதனால்தான் நான் பணம் கட்டும் இடத்தையே உற்றுப் பார்க்கிறேன், அங்கே அளந்து பார்க்க முடிகிறது. பிரெலெக், சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில் கூடைப்பந்துப் போட்டிக்கான டிக்கெட்டுகளை மாணவர்களிடம் ஏலம் விட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும் என்றும் மற்றவர்களிடம் கடன் அட்டையில் கொடுக்கலாம் என்றும் சொன்னார்கள். அட்டைக்காரர்கள் கேட்ட விலை சுமார் இரண்டு மடங்கு. டிக்கெட்டும் அதே, ஆட்டமும் அதே.

இன்னொன்று, ஆண்டர்சனும் அதே சிமெஸ்டரும் 2003-இல் வெளியிட்டது. தபால் வழி விற்பனைப் பட்டியலில் ஒரே உடையை 34, 39, 44 டாலர் என்று மூன்று விலையில் அச்சிட்டு வெவ்வேறு ஆட்களுக்கு அனுப்பினார்கள். அதிகம் விற்றது 39 டாலர் போட்டது. 34-ஐ விட அதிகம்! விலை கூடியும் விற்பனை கூடுகிறது, ஏனென்றால் ஒன்பதில் முடியும் விலையைப் பார்த்தால் தள்ளுபடி என்று கைக்குத் தோன்றிவிடுகிறது, தலைக்கு எட்டுவதற்குள். இதையெல்லாம் ஆசை என்று எப்படிச் சொல்வது?

திருப்புளி:

பழுது பார்க்கிற தொழிலில் இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள் என்கிற இடத்தில் இருந்தே பேசுகிறீர்கள். என் மேஜைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புதிது வாங்கப் பிடிக்காமல்தான் பழையதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பான், ஸ்க்ரூவுக்கு நம்மிடம் இல்லாத தலை வைத்திருப்பான், ஒரு சின்ன பட்டன் போனால் மொத்த போர்டையும் மாற்று என்பான், போர்டு விலையைக் கேட்டால் இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வந்துவிடும். அந்த ஆள் வேறு என்ன செய்வார், சொல்லுங்கள்.

இது புதிதும் இல்லை. 1924 டிசம்பரில் ஜெனீவாவில் ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலான பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஃபீபஸ் என்று ஒரு கூட்டணி போட்டார்கள். வீட்டு பல்பு 1000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு. அதற்கு முன்னால் 1500, 2000 மணி நேரம் எரிந்துகொண்டிருந்தவை. யாருடைய பல்பு அதிக நாள் உழைக்கிறது என்று சோதனை செய்து, உழைத்தால் அந்தக் கம்பெனிக்கு அபராதம். நல்லபடியாகச் செய்ததற்கு அபராதம், கேட்டீர்களா!

கணக்குப்பிள்ளை:

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், இழை பல்பில் ஆயுளைக் கூட்டினால் வெளிச்சம் மங்கும், அதே வெளிச்சத்துக்கு மின்சாரம் அதிகம் செலவாகும். 1000 மணி நேரம் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு.

திருப்புளி:

உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் அபராதப் பட்டியல் எதற்கு? அவரவர் விருப்பத்துக்கு விட்டிருந்தால், மங்கலாக எரிந்தாலும் நாளாவட்டத்தில் லாபம் என்று நினைப்பவர் அதை வாங்கியிருப்பார்.

2022-இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குக்கும் குறைவு. இத்தனையும் யாரோ ஆசைப்பட்டுத் தூக்கிப் போட்டதா?

மாடிப்படி:

திருப்புளி அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒன்று. தேவையில்லாதது, தேவையில்லாதது என்கிறீர்களே, அதை யார் முடிவு செய்வது? ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதிவைத்தார். லினன் சட்டை உயிர் வாழ்வதற்கு அவசியமே இல்லை, ஆனால் இன்றைய ஐரோப்பாவில் ஒரு தினக்கூலிகூட அது இல்லாமல் நாலு பேர் முன்னால் வர வெட்கப்படுவான், அதனால் அது அத்தியாவசியம்தான் என்று. இன்று வேலைக்கு மனுப் போடவும், பிள்ளையின் பாடத்தைப் பார்க்கவும், வங்கிக் கணக்கைத் தொடவும் ஸ்மார்ட்போன் கேட்கிறது. வருமானம் குறைந்தவர் கையில் கொஞ்சம் நல்ல போன் இருந்தால் உடனே "இவருக்கு எதற்கு இது" என்று ஒரு பார்வை. அதே ஆளிடம் உடைந்த போன் இருந்தால் மதிக்கிறீர்களா?

எளிமை வாழ்க்கை என்று வீட்டைக் காலி செய்து படம் போடுகிறவர்களைப் பார்த்தாலும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நாளைக்குத் தேவைப்பட்டால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்கிற தைரியம் இருப்பவரால்தான் இன்றைக்குத் தூக்கிப் போட முடியும். பழைய ஒயர், காலி டப்பா, அறுந்த பெல்ட் என்று எங்கள் வீட்டில் சேர்த்து வைத்தது எல்லாம் பேராசை இல்லை, மறுபடி வாங்க முடியாதே என்கிற பயம். இப்போது அந்த எளிமையும் சரக்காகிவிட்டது, வெறுமையாகத் தெரிகிற அலமாரிக்கு விலை ஜாஸ்தி.

நடுவழி:

இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நான் யாரையும் பார்த்து அது உனக்குத் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. வாங்கிய ஆளே ஒரு மாதம் கழித்து "எதற்கு வாங்கினேன்" என்று கேட்டுக்கொள்ளும் பொருள்களைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று வைத்துக்கொள்ளலாமா?

மாடிப்படி:

அப்படியென்றால் சரி. பேச்சு நேராகும்.

அரைக்கதவு:

அந்த வகையில் பெரிய கூட்டம் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பயன்படுத்துவதற்காக வாங்காமல், ஆகப்போகும் ஆளுக்காக வாங்குவது. ஓடப்போகிறேன் என்று காலணி, அதோடு கைக்கு ஒரு கடிகாரம், அதோடு ஒரு செயலிக்குச் சந்தா. படம் எடுக்கப்போகிறேன் என்று கேமரா, அப்புறம் லென்ஸ், அப்புறம் லென்ஸ் வைக்கப் பை. புது மொழி கற்க வகுப்பு. படிக்கப்போகிற புத்தகங்கள் (இதில் இங்கே இருக்கிற யாரும் யோக்கியர் இல்லை என்று நினைக்கிறேன்). பெட்டி வந்து இறங்கும்போதே பாதி ஓட்டக்காரர் ஆகிவிட்டதுபோல ஒரு நிறைவு வருகிறது பாருங்கள், அது பொய்யில்லை, நிஜமாகவே வருகிறது. அதனால்தான் சிக்கல். அந்த நிறைவு கிடைத்துவிட்ட பிறகு விடிகாலையில் எழுந்து ஓடுவதற்கு என்ன அவசியம்?

நடுவழி சொல்லும் நேரம், சுவரொட்டி சொல்லும் குறை, இரண்டும் இங்கே ஒன்றுசேர்கின்றன. கற்றுக்கொள்வதற்கு வருடங்கள் ஆகும், வாங்குவதற்கு ஒரு நிமிடம். தான் ஒன்றுமில்லை என்று தோன்றுகிற ராத்திரியில் மனிதர் எதைச் செய்வார்? கடைக்காரர்களும் இதைத் தெரிந்துதான் "தொடக்க நிலையினருக்கான முழு செட்" என்று கட்டி வைக்கிறார்கள். தொடக்க நிலையில் இருப்பவருக்கு முழு செட் எதற்கு? ஒருவேளை தொடக்கத்தோடு நிற்கப்போகிறவர்தான் முழு செட்டையும் வாங்குவார் என்று அவர்களிடம் கணக்கு இருக்கலாம்.

இரவல் வாங்கி ஆரம்பித்தவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து செய்கிறார்கள் என்பது நான் சுற்றிலும் பார்த்தது. இரவல் கொடுத்தவர் "எப்படிப் போகிறது" என்று கேட்பார் அல்லவா, பார்சல் கேட்காது.

மூன்றாம் வரிசை:

புத்தகத்தைப் பட்டியலில் சேர்த்ததை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:

சரி, தீர்வுக்கு வருவோம். தனியாள் கட்டுப்பாட்டால் ஆகுமா, சட்டம் வேண்டுமா? பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளைத் தடை செய்து ஆயிரக்கணக்கில் கழற்றியது. ஊர் அழிந்துபோகவில்லை. ஸ்வீடனில் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் குறிவைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய 1991 முதல் தடை. ஆனால் வேறு நாட்டிலிருந்து ஒளிபரப்பும் சேனல்களை அது தடுக்க முடியவில்லை, இன்றைக்கு ஒரு சிறுவன் பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் வீடியோவை எந்தச் சட்டத்தில் அடைப்பது? சட்டம் எப்போதும் போன தலைமுறை விளம்பரத்தைத்தான் பிடிக்கிறது.

நடுவழி:

என் கட்சிக்குப் பக்கத்தில் வரும் சட்டம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் வீட்டு வாசலுக்கு வந்து விற்பவரிடம் வாங்கினால் மூன்று வேலை நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1970-களில் விதி கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதற்கு 14 நாள், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பறிபோன யோசிக்கும் நேரத்தைச் சட்டமே கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறது.

அரைக்கதவு:

அங்கேதான் வேடிக்கை. "பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாமே" என்கிற எண்ணமே இன்று வாங்கும்போது இருந்த கடைசித் தயக்கத்தையும் எடுத்துவிடுகிறது. பாதுகாப்புக்கு வந்த வசதியை விற்பனைக் கருவியாக்கிவிட்டார்கள். திருப்பி அனுப்பப் பெட்டி கட்ட வேண்டும், ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். நீங்கள் முதலில் சொன்ன அதே சோம்பல் இப்போது அவர்கள் பக்கம் வேலை செய்கிறது. நேரத்தை வாங்குவதற்கு முன்னால் வைத்தால்தான் பயன், பின்னால் வைத்து ஒன்றும் ஆகாது.

நடுவழி:

இது நான் யோசிக்காத கோணம். முன்னால் வைப்பதென்றால், சேமித்து வைத்த அட்டை எண்ணை அழிப்பது, ஆஃபர் நோட்டிஃபிகேஷனை நிறுத்துவது, கூடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, இவ்வளவுதான் ஒரு தனியாளால் முடியும்.

சுவரொட்டி:

கூடையில் விட்டுவிட்டுப் போனால் சும்மா விடமாட்டார்கள் தம்பி. "நீங்கள் மறந்துவிட்டீர்களா" என்று மெயில் வரும், அப்புறம் உங்களுக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடி என்று இன்னொன்று வரும். நான் வேலை பார்த்த இடத்தில் அந்த மெயில்களுக்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். கூடைக்குப் பதில் ஒரு தாளில் எழுதிவையுங்கள், தாள் மெயில் அனுப்பாது.

மாடிப்படி:

திருப்புளி அண்ணா, இதோடு சம்பந்தப்பட்ட ஒரு கேள்வி. என் போனில் பேட்டரி மட்டும் போய்விட்டது, மத்தியானத்துக்குள் இறங்கிவிடுகிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. மாற்றுவதா, புதிது பார்ப்பதா? எல்லோரும் புதிது வாங்கு என்கிறார்கள்.

திருப்புளி:

முதலில் அமைப்புகளுக்குள் போய், பாதுகாப்பு அப்டேட் இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக வந்த தேதி அங்கேயே இருக்கும். வந்துகொண்டிருந்தால் பேட்டரியை மாற்றிக்கொண்டு தாராளமாக ஓட்டலாம். அப்டேட் நின்றுபோய் ரொம்ப நாள் ஆகியிருந்தால், அதில் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன்.

அப்புறம், போனின் பின்பக்கம் கொஞ்சமாவது உப்பியிருந்தாலோ திரை தூக்கிக்கொண்டிருந்தாலோ இன்றைக்கே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், நீங்களே பிரிக்கவும் வேண்டாம். ஒட்டின பேட்டரியைப் பக்குவமாகத்தான் எடுக்க வேண்டும், குத்தினால் தீப்பிடிக்கும். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி பேட்டரி வைக்க வேண்டும் என்று விதி வருகிறது, அதிலும் சில விலக்குகள் உண்டு. அதுவரை எங்களிடம்தான் வர வேண்டும். மாடல் எண்ணை இங்கே போடுங்கள், பேட்டரி கிடைக்குமா என்று பார்த்துச் சொல்கிறேன்.